உங்க ஷூவில் இருக்கும் அந்தக் கையெழுத்து யாருடையது? - சக் டெய்லரின் கதை!

உங்க வீட்டு வாசலிலோ, ஹாஸ்டல் ரூமிலோ ஒரு ஜோடி கான்வர்ஸ் ஷூ கிடந்தா, ஒரு நிமிஷம் கையில எடுத்துப் பாருங்க. கணுக்கால் பக்கம் வட்டமா ஒரு முத்திரை. நடுவுல நீல நட்சத்திரம். அதோட ஒரு கையெழுத்து... சக் டெய்லர். வருஷக்கணக்கா அதைப் போட்டுட்டுச் சுத்தியிருப்போம். ஆனா, யாருப்பா இவர்னு கேட்டிருப்போமா?

அவர் ஒரு கூடைப்பந்து வீரர். 1901-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். கொலம்பஸ் ஊர்ப் பள்ளி அணியில் ஆடி வளர்ந்தவர். அப்போ என்.பி.ஏ எல்லாம் கிடையாது. கம்பெனிகள் நடத்தும் அணிகளில் ஆடித்தான் சம்பாதிக்கணும். சக்கும் ஏக்ரான் நகரில் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி அணியில் ஆடினார். அந்த அணியின் பெயர் 'நான்-ஸ்கிட்ஸ்'. அதாவது, வழுக்காதவர்கள்! பின்னாளில் ஷூ விற்கப்போகிறவருக்குப் பொருத்தமான பெயர்தான்.

உண்மையைச் சொல்லணும்னா, அவர் பெரிய ஸ்டார் வீரர் இல்லை. புகழ்பெற்ற அணிகளில் ஆடியதாக அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட சில கதைகளுக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. அவருடைய நிஜமான ஆட்டம் மைதானத்துக்கு வெளியேதான் ஆரம்பித்தது.

1920-களின் தொடக்கத்தில் கான்வர்ஸ் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார் சக். 'ஆல் ஸ்டார்' ஷூ 1917-லேயே வந்துவிட்டது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இவர்தான். காரில் ஷூக்களை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன ஊருக்குப் போவார். பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பார். கோச்சுகளோடு நட்பாகிவிடுவார். அப்புறம் அந்த ஊர்க் கடைக்காரர் மூலமாகவே ஷூ விற்கும். வருஷம் முழுக்க மோட்டல் வாழ்க்கைதான். ஆடுபவர்களின் கால் எங்கே வலிக்கும், எங்கே பிடிப்பு வேணும்னு நேரில் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட விற்பனையாளர் அவர்.

1930-களின் தொடக்கத்தில், அந்த ஷூவிலேயே அவர் கையெழுத்தைச் சேர்த்தது கம்பெனி. ஒரு விளையாட்டு வீரரின் பெயரில் ஷூ விற்பது இன்னிக்குச் சாதாரணம். அதுக்கெல்லாம் முன்னோடி இதுதான்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. அதற்காக வெள்ளை கேன்வாஸில் சிவப்பு, நீலக் கோடுகள் போட்ட ஷூ வந்தது. கறுப்பையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதுசு. மழையில் சேறாகிப்போன திறந்தவெளி மைதானத்தில் கனடாவை 19-8 எனத் தோற்கடித்துத் தங்கம் வென்றது அமெரிக்கா. அந்த வெள்ளை ஷூ இன்னிக்கும் விற்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ராணுவப் பயிற்சிக்கும் இந்த ஷூதான் போனது. 1962-ல் வில்ட் சேம்பர்லின் ஒரே மேட்ச்சில் 100 பாயின்ட் எடுத்தபோது அவர் காலிலும் இதுதான்!

இவ்வளவு விற்ற ஷூவில் சக்குக்கு எவ்வளவு பங்கு கிடைச்சிருக்கும்னு நினைக்கிறீங்க? சம்பளமும் செலவுக்காசும்தான். தன் பெயரைச் சுமந்த ஷூக்களுக்காக ராயல்ட்டின்னு தனியா எதுவும் அவர் வாங்கியதில்லை என்கிறார்கள்.

1969-ல் கூடைப்பந்தின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் அவருக்குக் கிடைத்தது. அதே வருஷம் ஜூன் 23-ம் தேதி, 68-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், ஃப்ளோரிடாவில் மாரடைப்பால் இறந்துபோனார்.

அதன்பிறகுதான் வேடிக்கை. தோல் ஷூக்கள் வந்ததும் வீரர்கள் கேன்வாஸைக் கைவிட்டார்கள். ஆனா, ராக் இசைக்கலைஞர்களும் காலேஜ் பசங்களும் அதை விடவில்லை. விளையாட்டு ஷூ, ஃபேஷன் ஷூவாக மாறியது. 2003-ல் கான்வர்ஸை 30.5 கோடி டாலருக்கு வாங்கியது நைக்கி. 2021-ல் 'வோக்' அட்டைப்படத்தில் கமலா ஹாரிஸ் போட்டிருந்ததும் இதே ஷூதான். துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள நம்ம கமலாவேதான்!

ஃபேஷன் உலகத்துக்குள் போகணும்னு சக் நினைச்சதாகத் தெரியலை. ஆடுறவங்க கால் வலிக்கக் கூடாதுன்னுதான் ஊர் ஊரா அலைஞ்சார். அடுத்த தடவை லேஸ் கட்டும்போது அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் பாருங்க. இனிமே அது வெறும் டிசைன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்!