நாளெண்ணும் விளக்கு

கார்த்திகை விளக்கீடும் வாடைக் காற்றும் சேர்ந்து வருங்காலம் தீவகத்தார்க்குக் காத்திருத்தலின் காலமாகும். நெடுந்தீவுக்குச் செல்வோர் குறிகட்டுவான் துறையிலே கடல் அடங்குதலை நோக்கி நிற்பர். சைவ மக்கள் திருவெம்பாவைக்குரிய பத்து நாள்களையும் எண்ணித் திருவாதிரையை எதிர்கொள்வர். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலிய ஊர்களில் வாழுங் கத்தோலிக்க மக்களோ திருவருகைக் காலத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணி நத்தாரை எதிர்கொள்வர்.

அந்நான்கு ஞாயிற்றுக்கும் நான்கு மெழுகுதிரிகளைத் தாங்கி நிற்பது திருவருகை வளையம். பசுந்தழையாற் புனைந்த அவ்வளையத்தைப் பழங்காலந்தொட்டு வந்த கோயிலணி என்றே பலரும் எண்ணுவர். அஃது அன்று. பெற்றோராற் பேணப்படாத ஏழைச் சிறுவர்க்காக ஓர் ஆசிரியர் சமைத்த நாட்காட்டியே அதன் முதல் வடிவம். அவ்வாசிரியரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுதும்.

யோகான் இன்றிக் விச்சேர்ன் என்பார் ஜேர்மனியின் துறைமுக நகராகிய ஹம்பேர்க்கில் 1808ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் மூத்தவர் இவரே. பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்தார். குடும்பச்சுமையைத் தாயுடன் பகிர்ந்து தாங்கவேண்டியவரானமையின், பிற பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பொருளீட்டினார். கற்கும் பருவத்திலேயே கற்பிக்கும் பணி அவர்மேல் வந்தது. பின்னர் அன்பர் சிலரின் உதவியாற் கோட்டிங்கன், பேர்லின் ஆகிய நகரங்களிலே இறையியல் பயின்று, 1831இல் ஊர் மீண்டார்.

மீண்டவர்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியொன்றிலே பணி கிடைத்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளையும் அவர் சென்று பார்த்தார். நகரின் ஒடுங்கிய சந்துகளில், ஈரஞ் சுவறிய அறைகளில், பசியும் குடியும் நோயும் சூழப் பிள்ளைகள் வளர்வதைக் கண்டார். களவு செய்து பிடிபட்டவரும் அவருள் இருந்தனர். வாரத்தில் ஒரு நாள் சொல்லும் நல்லுரை, எஞ்சிய ஆறு நாள்களின் துன்பத்தை வெல்லாது என்பதை உணர்ந்தார். அப்பிள்ளைகளுக்கு வேண்டுவது பள்ளி மட்டுமன்று, வீடு என்பதே அவர் கண்ட முடிபு.

நகரப் பெருமக்களுள் ஒருவராகிய கார்ல் சீவெக்கிங், ஹோர்ன் என்னும் புறநகர்ச் சிற்றூரிலிருந்த பழைய வீடொன்றை நிலத்துடன் ஈந்தார். அது கூரை வேய்ந்த எளிய மனை. கரடுமுரடான வீடு என்று பொருள்படும் ரௌகஸ் ஹவுஸ் என்பது அதன் பெயர். 1833ஆம் ஆண்டிலே விச்சேர்ன் தம் தாயாருடன் அங்கே குடிபுகுந்து, சிறுவர்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார். வந்த பிள்ளையின் பழைய குற்றத்தை எவரும் எடுத்துரைத்தலாகாது என்பது அவ்வீட்டின் விதி. சிறைக்கூடம் போன்ற பெருமண்டபத்தில் யாவரையும் அடைக்காது, பத்துப் பன்னிரு பிள்ளைகளைக் கொண்ட சிறு சிறு குடும்பங்களாக அமைத்து, ஒவ்வொன்றுக்கும் அண்ணன் போன்ற துணைவர் ஒருவரை வைத்தார். கல்வியோடு தச்சு, தையல், அச்சு முதலிய தொழில்களும் கற்பிக்கப்பட்டன.

1839ஆம் ஆண்டு நத்தார்க் காலம் அணுகியது. கொண்டாட்டம் எப்போது வரும் என்று பிள்ளைகள் நாடோறும் கேட்டு அவரைத் தொளைத்தனர் என்ப. அவர்க்கு நாட்கணக்கைக் கண்ணாற் காட்டவேண்டும் என்று எண்ணிய விச்சேர்ன், வண்டிச் சக்கரம் போன்ற மரவளையம் ஒன்றில் இருபத்துநான்கு மெழுகுதிரிகளை நிறுத்தினார். அவற்றுள் நான்கு பெரியன, வெண்ணிறத்தன. அவை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உரியன. இருபது சிறியன, செந்நிறத்தன. அவை ஏனைய நாள்களுக்கு உரியன. நாளொன்றுக்கு ஒன்றாகச் சுடர் பெருக, இருள் மிக்க மாரிக்காலத்திலே மண்டபம் மெல்ல மெல்ல ஒளி பெற்றது. பிள்ளைகள் எண்ணக் கற்றனர், காத்திருக்கவும் கற்றனர். முன்னர் எதற்கும் நம்பிக்கையோடு காத்திருக்க வாய்ப்பில்லாதவர் அவர் என்பதை நாம் மறத்தலாகாது.

1848இல் விற்றன்பேர்க் நகரப் பேரவையில் விச்சேர்ன் ஆற்றிய உரை, ஏழை மக்கட்பணியைத் திருச்சபையின் கடனாக நாடெங்கும் நிலைநாட்டிற்று. 1857 தொடக்கம் பிரஷ்ய அரசின் சிறைச்சாலைச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டார். வறுமையின் வேரைக் கூலியிலும் ஆட்சியிலும் தேடாது, நம்பிக்கைத் தளர்ச்சியிலேயே பெரிதும் கண்டார் என்று அவர்மேற் குறை கூறுவாரும் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. எனினும், பிறர் ஏழ்மையைப் பேசிக்கொண்டிருந்த பொழுது அவர் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார். நோயால் நலிந்து, 1881ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் பிறந்த நகரிலேயே மறைந்தார்.

மரவளையத்திற் பசுந்தழை சுற்றும் வழக்கம் 1860ஆம் ஆண்டளவில் வந்தது. வீடுகளுக்குப் பரவியபோது இருபத்துநான்கு சுடர் நான்காகச் சுருங்கின. சீர்திருத்தச் சபையினரிடம் பிறந்த இவ்வழக்கம் 1925இல் கொலோன் நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலொன்றிலும் இடம்பெற்று, பின்னர் உலகெங்கும் சென்றது.

ஆதலின், இவ்வளையத்தைப் பெருவிலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை. பழைய சுளகின் விளிம்போ, வளைத்துக் கட்டிய பிரம்போ வளையமாகும். அந்நாட்டு ஊசியிலை மரம் இங்கில்லை. காரைநகர்க் கடற்கரையிலே நிற்கும் சவுக்கு அதற்கு ஈடாகும். அதன் சிறு கொம்பர்களைப் பனைநாராற் சுற்றிக் கட்டுக. மணல் நிரப்பிய நான்கு சிரட்டைகளில் மெழுகுதிரிகளை ஊன்றி, வளையத்தின் நடுவே வைக்க. கத்தோலிக்கர் மூன்றை ஊதா நிறத்திலும், மூன்றாம் ஞாயிற்றுக்குரியதை இளஞ்சிவப்பிலும் வைப்பர். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்றவாறு ஏற்றுக. உலர்ந்த தழை எளிதில் தீப்பற்றும்; கிழமைதோறும் புதுத்தழை மாற்றுக; சுடரை அணைத்த பின்னரே அவ்விடம் விட்டு நீங்குக.

இன்னுமொன்று. 1990ஆம் ஆண்டுப் போரிலே வீடிழந்து அகன்ற பிள்ளைகளைக் கண்டது நம் தீவகம். வீடில்லாப் பிள்ளையின் காத்திருத்தல் எத்தகையது என்பதை நமக்குப் பிறர் கற்பிக்கவேண்டியதில்லை. வளையத்தைப் புனையும் வீட்டார், அதைச் சூழ்ந்து அமர அயலிலுள்ள ஆதரவற்ற பிள்ளையொன்றையும் அழைப்பாராயின், விச்சேர்ன் ஏற்றிய முதற்சுடர் இன்னும் அணையவில்லை என்று கொள்ளலாம்.