ரெயிலில் கிடைத்த புத்தகம்
மராத்திக் கவிஞர் நாராயண வாமன திலகரின் வாழ்க்கை

திலகர் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர் லோகமான்ய பாலகங்காதர திலகர். அதே ரத்தினகிரி மாவட்டத்தில், அதே சித்பவன் பிராமண வகுப்பில் பிறந்த இன்னொரு திலகரும் உண்டு. மராட்டிய மண்ணில் பிழைக்க வந்த நம்மவர்கள் அவரையும் அறிந்துகொள்வது நல்லது.

நாராயண வாமன திலகர் 1861-ம் ஆண்டு கரஜ்காவ் கிராமத்தில் பிறந்தார். நாசிக்கில் சமஸ்கிருதம் படித்தார். கவிதை கைவந்த கலை. ஆனால் ஒரு வேலையில் நிலைத்து இருக்கமாட்டார். இளம் மனைவி லட்சுமிபாய் அவரோடு ஊர் ஊராக அலைந்தார்.

ரெயில் சினேகம்

1893-ம் ஆண்டு. வேலை தேடி நாகபுரியிலிருந்து ராஜ்நந்த்காவுக்கு ரெயிலில் போனார் திலகர். பெட்டியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் இடம் கொடுத்து உட்காரவைத்தார். பேச்சு கவிதையில் தொடங்கி மதத்தில் வந்து நின்றது. அவர் வாதம் செய்யவில்லை; இந்து மதத்தை இழிவாகவும் பேசவில்லை. ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்து, படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் நீர் கிறிஸ்தவர் ஆவீர் என்றும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் யார் என்பது திலகருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

திலகருக்கு அந்தப் புத்தகத்தில் விருப்பமில்லை. கொடுத்த வாக்குக்காகப் படித்தார். மலைப் பிரசங்கம் வந்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை. 1895 பிப்ரவரி 10-ந் தேதி பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார்.

வீட்டில் புயல்

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. உறவும் சாதியும் கைவிட்டன. லட்சுமிபாய் இடிந்துபோனார். மகனோடு பண்டரிபுரத்தில் உறவினர்களுடன் இருந்தார். நாலைந்து ஆண்டுகள் பிரிந்தே வாழ்ந்தார்கள்.

பிறகு அவர் கணவரிடம் திரும்பினார். ஆனால் மதம் மாறவில்லை. தனிச் சமையல், தனித் தண்ணீர் என்று ஆசாரத்தோடு இருந்தார். ஊருக்கெல்லாம் ஏசுவைச் சொன்ன திலகர், தன் மனைவியை மட்டும் கட்டாயப்படுத்தவில்லை. காத்திருந்தார். கடவுள் சாதியைப் படைக்கவில்லை என்று லட்சுமிபாய்க்கே தோன்றியது. 1900-ம் ஆண்டு அவரும் ஞானஸ்நானம் பெற்றார். கணவரிடம் எழுத்துக் கற்ற அந்தப் பெண்மணி எழுதிய "ஸ்மிருதி சித்திரே", மராத்தியின் தலைசிறந்த சுயசரிதைகளில் ஒன்று.

துக்காராம் வழியில்

திலகர் அகமத்நகரில் (இன்று அஹில்யாநகர்) அமெரிக்க மராத்தி மிஷனில் பணி செய்தார். அப்போது கோவில்களில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஆங்கில மெட்டுகள். அவை மக்கள் மனதில் ஒட்டவில்லை என்று கண்டார். துக்காராமின் அபங்க நடையில் ஏசுவைப் பாடினார். நம் ஊர் கதாகாலட்சேபம் போன்ற கீர்த்தன் முறையில் கதை சொன்னார். துக்காராமே தம்மைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்து சேர்த்தார் என்பது அவர் நம்பிக்கை. நம் நெல்லைச் சீமையில் கிருஷ்ணபிள்ளை "இரட்சணிய யாத்திரிகம்" பாடினாரே, அதே போன்ற தொண்டு.

1912 முதல் "ஞானோதயா" பத்திரிகையின் மராத்திப் பகுதிக்கு ஆசிரியராக இருந்தார். "கிறிஸ்தாயன்" என்ற காவியத்தைத் தொடங்கினார், முடிக்கவில்லை. மீதியை எழுதியவர், ஒரு காலத்தில் அவரோடு ஒரே பானையில் தண்ணீர் குடிக்காத லட்சுமிபாய்தான்.

பாலகவி என்று புகழ்பெற்ற தோம்பரே என்ற இளைஞரைத் திலகர் தம் வீட்டில் மகனைப்போல வைத்திருந்தார். அவர் இந்துவாகவே இருந்தார். அதனால் அன்பு குறையவில்லை.

சம்பளத்தை விட்டார்

1917-ல் மிஷன் சம்பளத்தை உதறினார். காசு வாங்கிக்கொண்டு ஏசுவைச் சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. சத்தாராவில் "தேவாச்சா தர்பார்" என்ற சபையை ஆரம்பித்தார். ஞானஸ்நானம் பெற்றவர், பெறாதவர் இருவருக்கும் அதில் இடம் உண்டு. 1919 மே 9-ந் தேதி பம்பாயில் காலமானார்.

தான் நம்பியதைப் பயமில்லாமல் சொன்னார். பிறர் நம்பிக்கையைப் புண்படுத்தாமல் சொன்னார். தன் வீட்டிலேயே பொறுமையோடு காத்திருந்தார். எந்த மதத்தவருக்கும் பொருந்தும் வழி அது.