மேடம் கியூரியின் கணவர் கண்ட அதிசயக் கல்

ரேடியம் கண்டுபிடித்த மேடம் கியூரியை எல்லோருக்கும் தெரியும். அவருடைய கணவர் பியரி கியூரி. பெரிய விஞ்ஞானி. ஆனால், சிறு வயதில் பள்ளிக்கூடம் போகாதவர்!

பியரி 1859-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை டாக்டர். மகன் எதையும் நிதானமாக யோசிக்கும் பிள்ளை. பள்ளிக்கு அனுப்பியிருந்தால், மந்தப் பையன் என்று பெயர் வாங்கியிருப்பான். ஆகவே வீட்டிலேயே பாடம் நடந்தது. 18 வயதில் பியரி பட்டம் பெற்றுவிட்டார்.

கல்லில் மின்சாரம்

1880-ம் ஆண்டு. பியரிக்கு 21 வயது. அவரும் அண்ணன் ஜாக்கும் படிகக் கல்லை அழுத்திப் பார்த்தார்கள். கல்லில் மின்சாரம் உண்டாயிற்று! மறு ஆண்டு அதையே திருப்பிச் செய்தார்கள். மின்சாரம் கொடுத்ததும், கல் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்கியது.

அந்தக் கல்லை வைத்து ஓர் அளவு கருவி செய்தார்கள். 1898-ல் பியரியும் மனைவி மேரியும் ரேடியத்தைக் கண்டுபிடிக்க உதவியது அந்தக் கருவிதான்.

கையில் புண்

1901-ல் பியரி ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ரேடியம் கலந்த உப்பைத் தம் கையிலேயே 10 மணி நேரம் வைத்திருந்தார். தோல் சிவந்து புண்ணாயிற்று. 52 நாள் ஆகியும் முழுதும் ஆறவில்லை.

தோலை எரிக்கும் பொருள், தோலில் வளரும் கட்டியையும் எரிக்கும் அல்லவா? டாக்டர்கள் தோல் புற்றுநோய்க்கு ரேடியம் வைக்கத் தொடங்கினார்கள். ஆனால் கட்டி உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? வெட்டாமல் பார்க்க அன்று வழி இல்லை.

1903-ல் கணவன், மனைவி இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1906 ஏப்ரல் 19. பாரீசில் மழை. தெருவைக் கடந்த பியரி, கீழே விழுந்தார். குதிரை வண்டியின் சக்கரம் தலையில் ஏறியது. அங்கேயே உயிர் போயிற்று. வயது 46. இளைய மகளுக்கு அப்போது ஒரு வயதுதான்.

கல் பேசியது

முதல் உலகப் போர் வந்தது. பியரியின் மாணவர் லாஞ்செவின், படிகக் கல்லுக்கு மின்சாரம் கொடுத்து அதிரச் செய்தார். காதுக்குக் கேட்காத ஒலி கடலுக்குள் பாய்ந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் பட்டுத் திரும்பியது.

அதே வித்தை பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தது. 1979-ல் தோலின் கனத்தை ஒலியால் அளந்தார்கள். இன்று தோல் கட்டியின் மேல் பசை தடவி, சிறு கருவியை வைக்கிறார்கள். அதனுள் இருக்கும் பொருள் வினாடிக்கு 2 கோடி தடவை அதிரும். ஒலி தோலுக்குள் போய் எதிரொலிக்கும். கட்டி, திரையில் கறுப்பாகத் தெரியும். அதன் ஆழம் மில்லிமீட்டர் கணக்கில் கிடைக்கும். எவ்வளவு ஆழம் வெட்டவேண்டும் என்று டாக்டர் முன்கூட்டியே திட்டம் போடலாம்.

வலி இல்லை. புண் இல்லை. கட்டி புற்றுதானா என்பதை மட்டும், அதில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்வார்கள்.