வெள்ளிக்கிழமை வீணை

யாழ்ப்பாணம் என்னும் பெயருக்குக் காரணங் கூறப் புகுவோர் கண்ணிழந்த பாணன் ஒருவனையே முதலிற் சுட்டுவர். அவன் யாழிசைத்து அரசனை மகிழ்வித்து, மணற்றிடர் ஒன்றைப் பரிசிலாகப் பெற்றான் என்பது கதை. வரலாற்றறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை. அது நிற்க. நரம்பிசைக்கு நாடு கொடுத்த கதையைப் பெயரிலே சுமக்கும் எமக்கு, முதுமையிற் கண்ணொளி இழந்தும் வீணையை விடாத ஒரு மூதாட்டியின் வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது.

அவரே வீணை தனம்மாள். 1867ஆம் ஆண்டில் சென்னை ஜோர்ஜ் டவுனிற் பிறந்தவர். முன்னோர் தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய இசை, நடனக் குடும்பத்தினர். பாட்டியார் காமாட்சி ஆடலிற் பெயர் பெற்றவர். தாயார் சுந்தரம்மாள் சியாமா சாஸ்திரிகளின் மைந்தர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடங் கேட்டவர். தனம்மாளோ சாத்தனூர்ப் பஞ்சு ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளையும், கட்புலனற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடம் சேத்ரக்ஞரின் பதங்களையும் பயின்றார். ஜாவளிகள் இயற்றிய தருமபுரி சுப்பராயரும் அவருக்கு நெருங்கியவர். இவ்வாறு பல வாய்க்கால்களின் நீர் ஒரு குளத்திலே வந்து தங்கிற்று.

அவருடைய வாசிப்பைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மேல்நாட்டுப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரமே பிறக்கும். அச்சுரம் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும். வீணையிலோ இருபத்துநான்கு மெட்டுகளுள் ஒன்றன்மீது தந்தியைப் பக்கமாக இழுத்துப் பல சுரங்களை ஒன்றினின்று ஒன்றாகக் கனியச் செய்யலாம். ஆனால் ஓசை சிறிது. அதனைப் பெருக்குதற்குப் பலர் விரலிற் கம்பி வளையம் மாட்டி மீட்டுவர். தனம்மாள் அதனையும் ஒதுக்கி வெறும் விரலாலேயே மீட்டினார். வீணையோடு தாமும் இசைந்து பாடினார். கேட்க விரும்பியவர் அருகில் வந்து வாய்மூடி அமர்வதன்றி வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஜோர்ஜ் டவுனில் அவர் இல்லத்திலே அத்தகைய சிறு கூட்டம் ஒன்று கூடிற்று. மேடையில்லை, வெற்றாரவாரமில்லை. பெருஞ் சபைகளில் மாலை சூடிய வித்துவான்கள் அங்கே மாணவர்போற் கீழே அமர்ந்திருந்தனர். சிறு சலசலப்பையும் அம்மையார் பொறுக்கமாட்டார் என்பர். இதனைச் செருக்கென்று சிலர் கருதக்கூடும். வகுப்பறையிலே முப்பது ஆண்டுகள் தொண்டை கிழியக் கத்திய யான் அவ்வாறு கருதமாட்டேன்.

பெயர் தனமாயினும் தனம் அவரிடம் தங்கவில்லை. காலமும் அவர் குலத்துக்குச் சாதகமாக அமையவில்லை. தேவதாசி மரபுக்கு எதிரான இயக்கம் 1890களில் வலுப்பெற்றது. 1947இல் சென்னை மாகாணத்திற் சட்டமும் பிறந்தது. சீர்திருத்தத்தின் நோக்கத்தை யான் குறைகூறேன். ஆயினும் அம்மகளிர் தலைமுறை தலைமுறையாகப் பேணிய கலையையும் இழிந்ததென்று ஒதுக்கியவர் உளர். பின்னர் அதே கலையை மன்றங்களிலே கண்டு மெய்சிலிர்த்தவரும் உளர்; இருசாராரும் சிலவேளை ஒருவராகவே இருந்தனர்!

அம்மையார் 1938ஆம் ஆண்டு ஒக்டோபரில் மறைந்தார். பேர்த்தியருள் பிருந்தாவும் முக்தாவும் பதங்களைக் காத்துப் பாடினர். பாலசரஸ்வதி அவற்றுக்கு அபிநயம் பிடித்தார். பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் சென்னைச் சங்கீத வித்துவசபை சங்கீத கலாநிதி விருது வழங்கியது. பேரன்மாருள் விசுவநாதன் புல்லாங்குழலையும் ரங்கநாதன் மிருதங்கத்தையும் அமெரிக்காவிலே கற்பித்தனர். வீணையை மட்டும் அவர் வாசித்த அளவுக்கு அங்கு எவரும் தொடரவில்லை.

1930களிற் பதிவான சில இசைத்தட்டுகளே எஞ்சின. அவற்றின் பிரதியொன்றை யான் முதலிற் கேட்டது உடுப்பிட்டியில், போர்க்காலத்தில். 1990இல் மின்சாரம் நின்றபின், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் விசையாற் பாட்டுக் கேட்டோம். அயல்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் ஒலிநாடாவைக் கொண்டுவந்தார். என் தம்பி சுழற்றினான். நாதசுரமுந் தவிலுங் கேட்டு வளர்ந்த என் செவிக்குச் சில்லின் இரைச்சலே எட்டிற்று. தெலுங்குப் பாட்டென்ற வெறுப்பும் சேர, பாதியில் எழுந்துவிட்டேன். கனம் கிருஷ்ணையரின் தமிழ்ப் பதங்களும் அக்குடும்பத்தார் பாடியவையே என்பதை அன்று அறியேன்.

திண்ணையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவ்வாசிரியர் பெட்டியின்மேற் காதை வைத்தபடி, மெதுவாகச் சுழற்றுமாறு தம்பிக்குக் கையாற் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.