எழுத்துக்கு உயிர் கொடுத்த எட்வர்ட் ஜான்ஸ்டன்

டாக்டருக்குப் படிக்கப் போன ஒருவர், உடம்பு சரியில்லாமல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டால் ஊரார் என்ன சொல்வார்கள்? இவன் இனி எங்கே தேறப்போகிறான் என்றுதானே! எட்வர்ட் ஜான்ஸ்டன் அந்த நிலையில்தான் 1898-இல் லண்டனுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 26.

அவர் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் 1872-இல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. பாடமெல்லாம் வீட்டிலேதான். (பள்ளி மலரில் இதைச் சொல்லலாமா என்று ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) அழகாக எழுதிப் பார்ப்பதில் மட்டும் அவருக்குச் சிறு வயது முதலே தணியாத ஆசை.

லண்டனில் கலைத் தொழில் பள்ளியை நடத்திவந்த லெதபி என்பவர் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ப் பழைய கையெழுத்துச் சுவடிகளைப் பார்க்கும்படி வழிகாட்டினார்.

அச்சு இயந்திரம் வருமுன் ஐரோப்பாவில் நூல்களைக் கையால்தான் எழுதினார்கள். கன்றுத்தோல், ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, இறகுப் பேனாவால் எழுதி, முதலெழுத்துகளில் தங்க ரேக்கு ஒட்டி வண்ணம் தீட்டுவார்கள். பக்கத்தைத் திருப்பினால் பளபளவென்று மின்னும்! அந்தக் கலை மங்கிப்போயிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்துச் செய்தவர்கள் பலர், கூர்முனைப் பேனாவால் எழுத்தின் ஓரத்தை வரைந்து நடுவை மையால் நிரப்பினார்கள். அது சித்திரம், எழுத்து ஆகுமா?

ஜான்ஸ்டன் சுவடிகளை நாள்கணக்கில் உற்று உற்றுப் பார்த்தார். தாமே இறகையும் நாணலையும் சீவி எழுதிப் பார்த்தார். ரகசியம் பிடிபட்டது. பழைய எழுத்தர்களின் பேனாமுனை கூரானது அல்ல, அகலமானது! அதைச் சாய்வாகப் பிடித்துக் கையை ஓட்டினால், தடித்த கோடும் மெல்லிய கோடும் தாமாகவே விழும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த ‘அவ்வளவு’தான் ஒரு கலையையே மீட்டுத் தந்தது.

1899-இல் லெதபியின் பள்ளியில் எழுத்துக்கலை வகுப்பைத் தொடங்கினார். பிற்காலத்தில் சிற்பியாகப் புகழ்பெற்ற எரிக் கில் அவருடைய மாணவர். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ராம்சி சங்கீத நூலின் எழுத்தை முன்மாதிரியாக வைத்துத் தம் பாடமுறையை வகுத்தார். 1906-இல் அவர் எழுதிய நூல் இங்கிலாந்தைத் தாண்டியும் பரவியது. 1910-இல் மாணவி அன்னா சைமன்ஸ் அதை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். ஆள் என்னவோ ரொம்ப நிதானம்! ஒப்புக்கொண்ட வேலையைக் குறித்த நாளில் முடிப்பது அபூர்வம். கெட்டிக்கார மாணவர்கள் அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்க.

1916-இல், லண்டன் சுரங்க ரயில் நிர்வாகத்தைச் சேர்ந்த பிராங்க் பிக் கேட்டுக்கொண்டபடி, நிலையப் பலகைகளுக்கு ஓர் எழுத்து அமைத்துக் கொடுத்தார். தடிப்பு மெலிவு இல்லாத, ஓடுகிற பயணி சட்டென்று படிக்கும்படியான எழுத்து. ஜான்ஸ்டன் 1944-இல் காலமானார். 1979-லும் 2016-லும் திருத்தம் பெற்று, அந்த எழுத்து இன்றும் அங்கே இருக்கிறது.

லண்டன் போகிறவர்கள் அந்தப் பலகைகளில் ஆங்கிலச் சின்ன ‘ஐ’யின் புள்ளியைக் கவனியுங்கள். அது வட்டமாக இருக்காது; சாய்சதுரமாக இருக்கும். அகலமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்துத் தாளில் ஒற்றினால் விழுமே, அதே புள்ளி!