படுக்கையிலிருந்து ஆற்றிய பணி

விளக்கேந்திய நங்கை என்றவுடன், போர்க்கால மருத்துவமனையில் இரவு நேரத்தில் உலவிய ஓர் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆனால் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அப்பணியில் இருந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைந்த காலமே. அதன்பின் அவர் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றுள் பெரும்பகுதி நோயுடன் கழிந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

அம்மையார் 1820 மே 12ஆம் நாள் இத்தாலியின் பிளாரென்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் விரும்பாதபோதும் செவிலியர் தொழிலை மேற்கொண்டார். 1854 நவம்பரில் செவிலியர் 38 பேருடன் துருக்கியின் ஸ்குட்டாரி மருத்துவமனையை அடைந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் கடுங்காய்ச்சலால் சாவின் வாயில்வரை சென்று மீண்டார். ஆயினும் நோய் அவரை முற்றும் விடவில்லை. 1857இல் மீண்டும் வீழ்ந்தார். இதயப் படபடப்பும் தண்டுவட வலியும் தளர்ச்சியும் அவரைப் படுக்கையில் கிடத்தின. கால்நடைகளின் பாலால் பரவும் புரூசெல்லோசிஸ் என்னும் நோயாக அது இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர்.

விரைவில் இறப்போம் என்றே அவரும் எண்ணினார். எனினும், எஞ்சிய வலிமையைக் கஞ்சன் காசை எண்ணுவதுபோல் எண்ணிச் செலவிட்டார். முன்னரே நேரம் குறித்து, ஒரு வேளையில் ஒருவரையே கண்டார். தாயும் தமக்கையும்கூட நினைத்தபோது அவர் அறைக்குள் வர இயலவில்லை. பேச்சில் செலவாகும் ஆற்றலை எழுத்தில் செலுத்தினார்.

அவ்வெழுத்தால் விளைந்தவை பல. 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. நம் நாட்டை ஒருமுறையேனும் கண்டிராத அவர், இங்குள்ள படைமுகாம்களுக்கெல்லாம் வினாப்பட்டியல் அனுப்பிச் செய்தி திரட்டினார். ஆங்கிலப் படைவீரர் ஆயிரவருள் ஆண்டுதோறும் 69 பேர் இறந்ததை 1863இல் வெளிவந்த அரசு ஆணைக்குழுவின் அறிக்கை காட்டியது. தூய நீரும் கழிவுநீர் வடிகாலும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பின்னர் இந்நாட்டு உழவர் நலத்திலும் கருத்தூன்றினார். கொள்ளிடத்தில் அணைகட்டிய ஆர்தர் காட்டனின் பாசனக் கொள்கையை ஆதரித்தார்.

இதில் ஒரு குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. தம் நோயை மதித்து வாழ்ந்த அவர், உடன் உழைத்த சிட்னி ஹெர்பர்ட்டின் நோயை அவ்வாறு மதிக்கவில்லை. சிறுநீரக நோயால் நலிந்த அவரை மேலும் உழைக்குமாறு தூண்டினார். 1861இல் ஹெர்பர்ட் மறைந்தபோது அம்மையார் பெருந்துயருற்றார்.

நோயாளியின் உள்ளத்தை அவர் அறியாதவர் அல்லர். செவிலியம் குறித்த தம் நூலில், விரைவில் குணமாகிவிடும் என்று பொருளின்றி ஆறுதல் கூறுவோரையும், கேளாமலே அறிவுரை வழங்குவோரையும் கண்டித்துத் தனி இயலே வகுத்தார். ஒரே சுவரை நாள்தோறும் நோக்கிக் கிடப்பவர்க்கு மலரும் வண்ணமும் சாளரக் காட்சியும் மருந்தாகும் என்றும் காட்டினார்.

முதுமையில் வலி தணிந்தது. பின்னர்க் கண்ணொளி குன்றியது. 1910 ஆகஸ்டு 13ஆம் நாள் தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

ஊரையும் உறவையும் விட்டு வந்து வாழும் நம்மிடையேயும், நீங்கா நோயுடன் நாளைக் கழிப்போர் பலர் உளர். அவர்களைக் காணச் செல்லும்போது அறிவுரையைச் சுமந்து செல்லாது, ஒரு மலரையும் சிறிது பொறுமையையும் கொண்டு செல்வோமாக.