கக்கன்: எளிமையோடு நிறுத்திவிடலாமா?

மதுரை, மேலூர் வட்டாரத்தில் நேர்மையான அரசியல்வாதி யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர் கக்கன். அமைச்சராக இருந்தவர் பேருந்தில் போனார், அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் படுத்திருந்தார் என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். வேலை நடந்தால் போதும், தலைவரின் சொந்த ஒழுக்கம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களும் நம் ஊர்களில் உண்டு. இரண்டு தரப்பாரும் கக்கனின் வாழ்க்கையை முழுதாகப் பார்ப்பதில்லை.

1908 ஜூன் 18 அன்று மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் ஓர் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை ஊர்க்கோயில் பூசாரி. இளமையிலேயே காங்கிரசில் சேர்ந்தார். 1939 ஜூலை 8 அன்று மதுரை வைத்தியநாத அய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். சாமி கும்பிடப் போனதற்காக அடி விழலாம் என்றிருந்த காலம் அது. 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952இல் மக்களவைக்குப் போனார். காமராசர் முதல்வரானபோது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்பு இவரிடம் வந்தது.

1957 முதல் 1967 வரை பத்தாண்டுகள் அமைச்சர். முதலில் பொதுப்பணியும் அரிசன நலமும், பிறகு வேளாண்மை, 1963 அக்டோபரிலிருந்து உள்துறை. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை இவர் கையில் இருந்தது. லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் தொடங்கப்பட்டபோது இவர் உள்துறை அமைச்சர். சேரிக்காரன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரின் கையெழுத்துக்காக மாநிலத்தின் கோப்புகள் காத்திருந்தன என்பதை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்லாத செய்தி இதுதான்.

அணை, கால்வாய், சாலை என்று ஒப்பந்தப் பணம் புரளும் துறையைக் கையில் வைத்திருந்தவர், பதவி போனதும் வாடகை வீட்டுக்குப் போனார். தலைவரின் ஒழுக்கத்தில் ஊர் கேட்டே ஆக வேண்டிய பகுதி இதுதான் என்கிறோம். ஒரு தலைவர் யாரைக் கல்யாணம் செய்தார், யாரோடு பேசினார், என்ன சாப்பிட்டார் என்பது யாரையும் வருத்தாதவரை அவர் வீட்டு விஷயம். பதவியை வைத்துத் தனக்கும் உறவுக்கும் என்ன சேர்த்தார் என்பது வீட்டு விஷயம் ஆகாது. அது நம் சாலையில் போட வேண்டிய ஜல்லி, நம் பிள்ளைகளின் விடுதியில் கொதிக்க வேண்டிய உலை. தன்னைவிட எளியவர்களை வீட்டிலும் வயலிலும் எப்படி நடத்துகிறார் என்பதும் அப்படித்தான். வீட்டுக்குள் தனிக் குவளை வைத்திருப்பவர் மேடையில் சமத்துவம் பேசினால் நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கை சுத்தம் என்பதோடு கணக்கு முடிந்துவிடாது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது உள்துறை அமைச்சர் கக்கன்தான். பக்தவத்சலம் அரசின் காவல்துறை மாணவர்கள்மீது சுட்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். மாநிலத்தின் பல ஊர்களில் உயிர்கள் போயின. கக்கன் நல்லவர் என்பதால் அந்தச் சாவுகளுக்குப் பதில் கிடைத்துவிடாது. அவரைக் கொண்டாடுகிற நாமே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

1967இல் காங்கிரசோடு கக்கனும் தோற்றார். மேலூர் தெற்குத் தொகுதி மக்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அரசின் செயலுக்கு வாக்குச்சீட்டில் தீர்ப்பு எழுதியதில் தவறில்லை. அதன் பிறகு நடந்ததுதான் வலிக்கிறது. மதுரை அரசு மருத்துவமனையில் வேறொருவரைப் பார்க்கப் போன முதல்வர் எம்.ஜி.ஆருக்கு, அங்கே பொதுப் பிரிவில் கக்கன் கிடக்கிறார் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அரசு உதவி வந்தது. 1981 டிசம்பர் 23 அன்று அவர் காலமானார். 1999இல் அஞ்சல் தலை வந்தது. தும்பைப்பட்டியில் மண்டபமும் எழுந்தது.

அந்தப் படுக்கையைக் காட்டித்தான் இன்றும் அவரைப் புகழ்கிறோம். தலித் தலைவர் ஏழையாகவே சாக வேண்டும் என்று எதிர்பார்த்து, செத்த பிறகு அதையே பெருமையாகச் சொல்லும் பழக்கம் இது. மற்ற தலைவர்களின் வீட்டு வாசலில் நிற்கும் கார்களை அதே வாய் எண்ணுவதில்லை. நேர்மையை எதிர்பார்ப்பதென்றால் எல்லாரிடமும் ஒரே அளவில் எதிர்பார்க்க வேண்டும். நேர்மையாக இருந்தவர் மருந்துக்குக் கையேந்தாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் சமூகத்துக்கு உண்டு.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம், போன முறை வந்தபோது உங்களிடம் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வேட்புமனுவோடு சொத்துக் கணக்கும் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு சேரியிலும் இருக்கிறார்கள்.